ஒன்பதாம் ஃபாரம்

எழுத்தாளர் செவ்வாய்க்கிழமை இறந்தார். புதன்கிழமை மதியத்துக்குள் ஊர் மொத்தமும் அவருடைய வாசகராகிவிட்டது.

டிகிரி என்று எல்லோரும் கூப்பிடுகிறவனுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர், தன் கைப்பேசியில் எழுத்தாளரின் படத்தை வைத்து, "என் பால்யத்தை வளர்த்தவர்" என்று கீழே போட்டிருந்தார். மாமாவின் பால்யத்தை வளர்த்தது கேரம்போர்டு. ஒரு புத்தகத்தையும் அவர் பாதியில் மூடியதில்லை, திறந்தால்தானே மூடுவதற்கு. செய்தி வாசித்தவள் நாவலின் பெயரைத் தப்பாகச் சொன்னாள். ஓர் அமைச்சர், அவருடைய எழுத்து இளைஞர்களுக்கு வழிகாட்டி என்றார். கல்லாகிப் போன பறவைகள் வருடத்துக்கு ஒரு நாள் பறந்துவந்து ராஜாக்களின் தலையில் உட்காருகிற கதை அது. அதில் யாருக்கு என்ன வழியைக் காட்டுவது?

டிகிரி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. துக்கமா என்று கேட்டால் இல்லை என்றிருப்பான். பதினொரு வயதில் முதன்முதலாக ஒரு புத்தகத்தை முழுசாகப் படிக்கவைத்த மனிதர் போய்விட்டார், அவ்வளவுதான். அதைக் கூட்டத்தோடு சேர்ந்து சொன்னால் தன்னுடையதும் மாமாவினுடையதும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தான்.

அவன் பைண்டிங் பட்டறையில் பதினான்கு வருடமாக ராத்திரி ஷிஃப்ட். கல்லூரியில் கடைசிப் பருவத்துக்கு முன்னால் இறங்கிவந்தவன். பட்டறையில் டிகிரி இல்லாதவர்கள் பன்னிரண்டு பேர். ஆனால் வாங்கப்போய் வாங்காமல் வந்தவன் இவன் ஒருத்தன்தான் என்பதால் அந்தப் பெயர் இவனுக்கு நிலைத்துவிட்டது. கேதரிங் மெஷினை ஓட்டும் பைலட் வைத்த பெயர்.

இந்த வாரம் அவன் ஷிஃப்ட் ஆட்கள் எல்லோரையும் பகலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காரணம் அதே எழுத்தாளர். சனிக்கிழமை சாயங்காலம் பெரிய மண்டபத்தில் இரங்கல் கூட்டம். அதற்குள் 'கற்பறவை நாடு' மூவாயிரம் பிரதி புதுப் பதிப்பாக மேசைமேல் இருக்க வேண்டும் என்று பதிப்பகம் ஒற்றைக்காலில் நின்றது. எத்தனையோ வருடமாக அச்சில் இல்லாத புத்தகம். அவர் உயிரோடு இருந்தவரை மறுபதிப்புக்கு நேரமில்லாதவர்களுக்கு இப்போது நான்கு நாள் போதுமானதாக இருந்தது.

வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அச்சடித்த பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதுதான் ஒரு ஃபாரம். கேதரிங் மெஷினில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். முதல் பெட்டியில் ஒன்றாம் ஃபாரம், இரண்டாவதில் இரண்டாம் ஃபாரம் என்று கட்டுக் கட்டாக அடுக்குவார்கள். கீழே சங்கிலி ஓட ஓட, ஒவ்வொரு பெட்டியும் ஒரு ஃபாரத்தை உதிர்க்கும். கடைசியில் வந்து விழுவது அட்டை போடாத ஒரு முழுப் புத்தகம். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், முந்தியதைவிட ஒரு பொட்டு கீழே. சரியாக அடுக்கியிருந்தால் புத்தகத்தின் முதுகில் ஒரு படிக்கட்டு தெரியும். படி உடைந்திருந்தால் ஏதோ மாறியிருக்கிறது. செக்கிங் மேசையில் டிகிரியின் வேலை அந்தப் படிக்கட்டைப் பார்ப்பது. புத்தகத்தைப் படிப்பதல்ல. படிக்க ஆரம்பித்தால் கண் கதைக்குள் போய்விடும், படிக்கட்டைக் கோட்டைவிட்டுவிடும். இதைப் பட்டறையில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவனே டிகிரிதான்.

படிக்கட்டுக்கும் சிக்காத ஒரு தப்பு உண்டு. ஒரே நாளில் இரண்டு புத்தகம் ஓடும்போது, ஒரு புத்தகத்தின் ஆறாம் ஃபாரத்தை இன்னொரு புத்தகத்தின் ஆறாம் பெட்டியில் வைத்துவிட்டால் கோடு சரியாகவே இருக்கும், பக்க எண்ணும் சரியாகவே ஓடும். உள்ளே இருப்பது மட்டும் வேறு. போன வாரம் சித்தி அதைத்தான் செய்தாள். பெட்டிகளுக்குக் கட்டு போடுகிறவள் அவள். வயது ஐம்பது, பட்டறைக்கே சித்தி. தோட்டக்கலைப் புத்தகத்தின் ஃபாரம் வரிக் கையேட்டுக்குள் போய்விட்டது. காகிதம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்து டிகிரி கண்டுபிடிப்பதற்குள் நானூறு பிரதி. அத்தனையையும் பிரிக்க வேண்டியதாயிற்று. எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்து, "கண்ணு எதுக்கு இருக்கு, இன்னொரு கண்ணாடி மாட்டவா?" என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து சித்தி அவனோடு பேசுவதில்லை. கட்டை வைக்கிற சத்தத்திலேயே அவள் கோபம் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு நான்காம் பெட்டியில் தாள் சிக்கி மெஷின் நின்றது. பைலட் ஸ்பேனரோடு குனிந்தான். டிகிரியின் கையில் ஒரு பிரதி இருந்தது. இரண்டு நாளாகத் திறக்காமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தவன், அதை ஒரே ஒரு இடத்துக்காகத் திறந்தான்.

சிறுவயதில் மனப்பாடமாகப் படித்த, படகுக்காரி வருகிற இடம்.

ராஜாவின் இரண்டு மகன்களும் போருக்குத் தயாராகிறார்கள். பெரியவனுக்குப் போர் வேண்டும். தம்பிக்கு வேண்டாம். தீயில் இடது கை வெந்துபோன அந்தத் தம்பி, ஒரு விடியற்காலையில் கதவைத் திறந்துகொண்டு... அடுத்த பக்கத்தில் கரைக்கு வருகிறான். மறுகரையில் ஒரு படகு. பாலம் கட்டிவிட்டதால் யாரும் ஏறாத படகை ஒரு பெண் தினமும் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, மூட்டை முடிச்சு இல்லாமல் ஒருத்தன் ஏறுகிறான். பதினாறு பக்கம். போர் இல்லை, பறவை இல்லை. அவள் அவனைத் திட்டுகிறாள், அவன் பதில் பேசுவதில்லை. நடு ஆற்றில் அவள் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நடுவுல நிக்கப் படகால மட்டும்தான் முடியும். பாலத்தால முடியாது" என்கிறாள். அதன்பிறகு அந்தத் தம்பியைப் பற்றிப் புத்தகத்தில் பேச்சே கிடையாது. அண்ணன் அவன் பெயரைக்கூட உச்சரிப்பதில்லை. தப்பித்துப் போனவன் மேல் கோபம் என்று டிகிரி புரிந்துகொண்டான். மற்ற எல்லாப் பக்கத்திலும் அந்த நாட்டில் ஆறே கிடையாது, கல்லும் மணலும்தான். ஆறில்லாத நாட்டில் பதினாறு பக்கத்துக்கு மட்டும் ஓர் ஆறு ஓடியதுதான் பதினொரு வயதில் அவனுக்கு மாயம். எழுத்தாளரின் அடுத்த நாவல்களை நூலகத்தில் தேடித் தேடிப் படித்ததும், பிறகு கையில் கிடைத்த எல்லாவற்றையும் படித்ததும், அந்த ஆறு இன்னொரு தரம் வருகிறதா என்று பார்க்கத்தான். வரவில்லை.

இப்போது கையில் இருந்த பிரதியில் தம்பி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்ததும் நெஞ்சில் அம்பு பாய்ந்தது. அண்ணன் மடியில் படுத்து, ஐந்து பக்கத்துக்குப் பேசிப் பேசிச் செத்தான். படகு இல்லை. ஆறு இல்லை.

டிகிரி முன்னும் பின்னும் புரட்டினான். பிரதியைத் திருப்பி முதுகைப் பார்த்தான். பதினேழு படியும் பிசகாமல் இருந்தது.

பைலட் நிமிர்ந்து பட்டனில் கை வைத்தபோது, "போடாத. பதினாறு பக்கம் குறையுது" என்றான்.

"படிக்கட்டு சரியாத்தானே இருக்கு?"

"படிக்கட்டு சரி. கதை சரியில்ல."

"கதை சரியில்லாத புத்தகம் எத்தனை ஓட்டியிருக்கோம், அதுக்கெல்லாம் மெஷினை நிறுத்தினோமா?" என்றான் பைலட். எட்டாம் பெட்டிக்குப் பின்னால் சித்தி சிரித்தாள், இவனைப் பார்க்காமல்.

முதலாளியம்மா கண்ணாடி அறையிலிருந்து வந்தார். அவர் அப்பாவிடமிருந்து பட்டறையை வாங்கி நடத்துகிறவர், சத்தம் போடாமலே வேலை வாங்குகிறவர். நடந்ததைக் கேட்டுவிட்டு அங்கேயே பதிப்பகத்துக்குப் போன் போட்டார். பதிப்பகத்துப் பையன் ஸ்பீக்கரில் சொன்னது பட்டறை முழுக்கக் கேட்டது. முதல் பதிப்பிலிருந்து வரிக்கு வரி எடுத்தது, எழுத்தாளரே போன வருடம் உட்கார்ந்து திருத்திக்கொடுத்தது, எதுவும் குறையவில்லை. படகு எங்கே என்று டிகிரி குறுக்கே கேட்டான். படகா? அந்த நாட்டில் ஆறே இல்லையே சார்.

"அதான். அதனாலதான் அது முக்கியம்" என்றான் டிகிரி.

போனின் அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற மாதிரி ஓர் இருமல்.

டிகிரிக்குக் காது சுட்டது. கடைசியில் திருத்தியவர் நோயாளி, விட்டிருப்பார், அல்லது இந்தப் பையன்கள் ஒரு கோப்பைத் தொலைத்துவிட்டுச் சாதிக்கிறார்கள், செத்தவர் வந்தா கேட்கப்போகிறார் என்று ஒரு மூச்சு பொரிந்து தள்ளினான். தன்னிடம் பழைய பிரதி இருக்கிறது என்றான். தன்னிடம் என்றால் அக்கா வீட்டில். மூன்று மணி நேரத்தில் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறேன், அதுவரை ஒரு பிரதியும் அட்டைக்குப் போகக்கூடாது என்றான்.

முதலாளியம்மா அவனை எப்போதும் நீ என்றுதான் கூப்பிடுவார். அவர் மரியாதை கொடுக்க ஆரம்பித்தால் பட்டறையில் எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

"போயிட்டு வாங்க சார்" என்றார். "மூணு மணி நேரம் மெஷின் நிக்கும். எட்டுப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பாங்க. நீங்க சொல்றது சரின்னா நானே பதிப்பகத்தோட சண்டை போடறேன். தப்புன்னா, நாளைலருந்து வர வேண்டாம்."

பகல் வெளிச்சத்தில் பஸ்ஸில் போவதே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. முன் சீட்டில் ஒரு பெண் எழுத்தாளரின் வேறொரு நாவலை வைத்துக்கொண்டு, அட்டை தெரிகிற மாதிரி தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எட்டு நிறுத்தத்துக்கு எடுத்தாள். ஒரு பக்கம் புரட்டவில்லை.

லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க நான்காம் மாடி ஏறினான். அக்கா கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார ஓய்வு நாள் என்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

புத்தகம் வேண்டும் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. அந்தப் புத்தகம் பள்ளிக்கூடத்தில் இருநூறு மீட்டர் ஓட்டத்தில் அவள் வாங்கிய முதல் பரிசு. உள்ளே அவள் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். அவள் அதைப் படித்ததில்லை, அவள் இல்லாத நேரமாகப் பார்த்து இவன்தான் படித்தான். கல்யாணமானபோது பாத்திரம் பண்டத்தோடு எண்ணி எடுத்துக்கொண்டு போனாள். இருபது வருடமாக அது கண்ணாடி அலமாரியில் கோப்பைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கிறது. இரண்டு தரம் கேட்டுப்பார்த்தான். பரிசு வாங்கியது யார் என்ற ஒரே பதில்தான் வந்தது. அப்புறம் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது, அவனுக்குத்தான் மனப்பாடமாயிற்றே.

"கை கழுவிட்டு வா" என்றாள்.

"அக்கா, வேலை போகப்போகுது எனக்கு."

"போனாலும் கை கழுவிட்டுப் போகட்டும்."

சோப்புப் போட்டுக் கழுவினான். அவள் அலமாரியைத் திறந்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். புத்தகத்தை மேசைமேல் முதுகு கீழாக வைத்ததும் அது தானாக விரிந்தது, நூற்று இருபத்தொன்பதாம் பக்கத்தில். சிறுவயதில் அத்தனை தரம் அந்த இடத்தில் விரித்திருக்கிறான்.

இருந்தது. 'கரைக்கு வந்தபோது படகு மறுகரையில் நின்றது.' எதுவும் மாறவில்லை. டிகிரிக்கு மூன்று நாளில் முதல்தரமாக மூச்சு சீராக வந்தது. பதிப்பகத்துப் பையனின் இருமலுக்கு என்ன பதில் சொல்லலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

பிறகு அவன் கண், பதினான்கு வருடப் பழக்கத்தில், பக்கத்தின் அடிக்குப் போனது.

அந்தக் காலத்தில் முதுகில் கோடு போடும் வழக்கமில்லை. ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், புத்தகப் பெயரின் முதலெழுத்துகளையும் ஃபாரத்தின் எண்ணையும் அடிப்பார்கள். பைண்டர் மாற்றி அடுக்காமல் இருக்க. நூற்று இருபத்தொன்பதாம் பக்கத்தின் அடியில் 'நீ.வா—9' என்று இருந்தது. சிறுவயதில் பார்த்திருக்கிறான். ஏதோ மந்திர எழுத்து, படகுக்காரிக்கும் எழுத்தாளருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று கணக்குப் போட்டு, பள்ளிக்கூட மேசையில் காம்பஸால் செதுக்கிக்கூட வைத்தான்.

நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தைத் திருப்பினான். 'க.நா—8'. நூற்று நாற்பத்தைந்தைத் திருப்பினான். 'க.நா—10'. முதலிலிருந்து கடைசிவரை புரட்டினான். இருபது ஃபாரம். பத்தொன்பது கற்பறவை நாடு. ஒன்று நீ.வா.

யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அச்சகம், ஒரே எழுத்துரு, ஒரே நாளில் இரண்டு புத்தகம். யாரோ ஒருத்தர் அடுத்த புத்தகத்தின் ஒன்பதாம் கட்டை எடுத்து வைத்துவிட்டார். பக்க எண் சரியாக ஓடியது. வாக்கியம்கூட ஒட்டிக்கொண்டது, சனியன்.

"என்னடா?" என்றாள் அக்கா.

சொன்னான். வேறு யாரோ எழுதிய வேறு ஏதோ புத்தகம். ராஜா வீட்டுத் தம்பி படகில் ஏறவே இல்லை. கதவுக்கு வெளியிலேயே செத்துவிட்டான். படகில் ஏறினவன் யாரோ ஒருத்தன்.

அக்கா மடித்துக்கொண்டிருந்த துண்டை மடியில் வைத்தாள். "அப்போ அந்தப் புத்தகம் படகுக்காரி கதை இல்லையா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எடுத்தா அங்கதானே விரியுது. ஆஸ்பத்திரியில சேர்ந்த புதுசுல நாலஞ்சு தரம் படிச்சேன். அந்தப் பதினாறு பக்கம் மட்டும். அதுதான் மொத்தக் கதையும்னு நினைச்சேன். எல்லாரும் பறவை பறவைங்கறாங்களே, இதுல ஒரு காக்கா கூட இல்லையேன்னு." அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். "நல்லா திட்டுவா அவ."

டிகிரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமில்லை என்று கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத" என்றாள் அக்கா. "காலேஜை விட்டப்போ அம்மாகிட்ட, ஒருத்தன் பாதியில இறங்கிப் போனா அவன் தோத்துட்டான்னு அர்த்தமில்லன்னு சொன்னியே. அது இந்தப் படகைப் பார்த்துச் சொன்னதா?"

அவன் புத்தகத்தை மூடினான்.

"கடவுளே" என்றாள் அக்கா. துண்டை மறுபடியும் எடுத்து, ஏற்கெனவே மடித்ததைப் பிரித்து மடித்தாள். "சரி, அப்போ செவ்வாய்க்கிழமை செத்தது யாரு உனக்கு?"

அதுதான் விஷயம். மூன்று நாளாக மனசுக்குள் பொத்திவைத்திருந்த துக்கத்தை இப்போது யார் பெயரில் போடுவது? எழுத்தாளர் நல்லவர்தான். ஆனால் இவனைப் படிக்கவைத்தவர் அவரில்லை. படிக்கவைத்தவர் ஆணா பெண்ணா தெரியாது, பெயர் தெரியாது, இருக்கிறாரா போய்விட்டாரா தெரியாது. ஒருவேளை போன வருடமே போயிருக்கலாம், செய்தியில் யாரும் தப்பாகக்கூடப் பெயர் சொல்லாமல். எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தர் அமைதியான ஆற்றங்கரை நாவலைப் படித்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் திடீரென்று அம்பு பாய்ந்து ஓர் இளவரசன் ஐந்து பக்கத்துக்குப் புலம்பிச் செத்திருப்பான். அந்த மனிதர் புத்தகத்தைத் தூக்கி எறிந்திருப்பார். அங்கே ஒரு வாசகர் போனார், இங்கே ஒருத்தன் வந்தான்.

"எடுத்துட்டுப் போறேன்" என்றான்.

"ஞாயித்துக்கிழமை திரும்பி வரணும். யார் தொட்டாலும் கை கழுவணும்."

திரும்பும் பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது. பொய் சொல்லலாம். புத்தகம் கிடைக்கவில்லை, அக்கா தொலைத்துவிட்டாள், நீங்கள் ஓட்டுங்கள் என்று சொல்லலாம். சரியோ தப்போ நிரூபணமாகாது, வேலையும் ஒருவேளை தப்பும். இரண்டு நிறுத்தம்வரை அது நல்ல யோசனையாகவே இருந்தது. பிறகு மடியில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தான். அக்கா புதுத் தலையணை உறையில் சுற்றிக் கொடுத்திருந்தாள். தொலைத்துவிட்டாள் என்று அவளைப் போய்ச் சொல்வதற்கு வாய் வராது.

பட்டறையில் எட்டுப் பேரும் கட்டுகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் சத்தமில்லாமல் அந்த இடம் வேறு ஏதோ இடம் மாதிரி இருந்தது. டிகிரி செக்கிங் மேசைமேல் புத்தகத்தை வைத்து, உறையைப் பிரித்து, நூற்று இருபத்தொன்பதாம் பக்கத்தை முதலாளியம்மாவிடம் காட்டினான்.

"இருக்கே" என்றார் அவர்.

"இருக்கு. ஆனா இது வேற புத்தகம். ஒன்பதாம் ஃபாரம் மாறியிருக்கு. பதிப்பகம் சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது."

பைலட் எட்டிப்பார்த்து, அடி எழுத்தைப் படித்து, விசில் அடித்தான். அந்தப் பக்கங்களைப் புதுப் பிரதி ஒன்றில் சொருகிவிடலாமா, மண்டபத்தில் யாராவது முழிக்கட்டும் என்று சும்மா கேட்டான். சைஸ் பொருந்தாது, பழையது அரை விரல் குட்டை என்றான் டிகிரி. பஸ்ஸிலேயே அதையும் யோசித்துப் பார்த்திருந்தான்.

சித்தி கட்டின் மேலிருந்து எழுந்து வந்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவனிடம் பேசினாள்.

"அப்போ இருபத்தஞ்சு முப்பது வருஷத்துக்கு முன்னாடி என்னை மாதிரி எவளோ ஒருத்தி கட்டை மாத்தி வச்சிருக்கா. அவ வச்சதை நீங்க நெஞ்சுல வச்சுக் கொண்டாடியிருக்கீங்க. நான் வச்சா மட்டும் கண்ணு எதுக்கு?"

"அன்னைக்குப் பேசினது தப்பு, சித்தி."

"தப்புதான்" என்றாள் அவள். விட்டுவிடுகிற குரலாக இல்லை. "உங்க ஒரு புத்தகத்துக்காக மூணு மணி நேரம். என் நானூறுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகல. கண்ணாடி யாருக்கு வேணும்னு யோசிச்சுக்குங்க."

முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்தார், அடுக்கியிருந்த ஃபாரங்களைப் பார்த்தார், பிறகு டிகிரியை. நாளை சாயங்காலத்துக்குள் மூவாயிரம். ஓர் ஆளை வேலையைவிட்டு அனுப்புவதற்குக்கூட இன்று நேரமில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"செக்கிங் மேசையில படிக்கிற ஆளை வச்சுக்க முடியாது" என்றார். "சித்தி, நீங்க மேசைக்கு வாங்க. உங்களுக்கு நாவல் பிடிக்காதே?"

"சீரியலோட சரி" என்றாள் சித்தி.

"நல்லது. டிகிரி, நீ போய்ப் பெட்டிக்குக் கட்டுப் போடு."

மறுபடியும் நீ என்றதில்தான் வேலை தப்பியது என்று அவனுக்குப் புரிந்தது. நன்றி சொல்லலாமா என்று பார்த்தான். அவர் அதற்குள் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார்.

மெஷின் ஓடத் தொடங்கியது. ராத்திரி ஷிஃப்டில் தூங்குமூஞ்சிகள் செய்கிற வேலை என்று அவன் சொல்லிவந்த வேலை, அரை மணி நேரத்தில் இடுப்பை ஒடித்தது. கட்டை உதற வேண்டும், விளிம்பு தட்ட வேண்டும், அடுத்த கட்டை எடுப்பதற்குள் முந்தியது காலியாகிவிடும். எந்தக் கட்டு எந்தப் பெட்டி என்று நூறு தரம் பார்க்க வேண்டும். நூற்றோராவது தரம் பார்க்காவிட்டால் போயிற்று. ஏழாம் பெட்டியில் தம்பி கதவைத் திறந்தான், எட்டாம் பெட்டியில் செத்தான். நிமிடத்துக்குப் பத்துத் தம்பிகள். ஒரு தரம் ஏழும் எட்டும் கைமாறப் போய், மேசையிலிருந்து சித்தி தொண்டையைச் செருமினாள். வேறொன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

நான்கு மணிக்கு டீ வந்தது. மெஷின் நின்றது. டிகிரி கைகழுவிவிட்டு வந்தபோது, சித்தி மேசையில் உட்கார்ந்து பழைய புத்தகத்தை எட்ட வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. கை கழுவினாளா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டான். அவள் பக்கத்திலேயே ஈரக் கைத்துண்டு கிடந்தது. அக்காவின் கட்டளையை அவன் சொன்னது பைலட்டிடம் மட்டும்தான், பைலட் சொல்லியிருக்க வேண்டும்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். திருப்பி, முன்னால் வந்து, மறுபடியும் திருப்பினாள்.

"துடுப்பை மடியில வச்சுக்கிட்டு, 'இனி'ன்னு ஆரம்பிக்கிறா. அடுத்த பக்கத்துல படை கிளம்பிடுச்சு. 'இனி' என்ன?"

"தெரியல. அதோட அந்த ஃபாரம் முடிஞ்சிடுது."

வாழ்நாள் முழுக்க அதை எழுத்தாளரின் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தான். சொல்லாமல் விட்ட மேதை. அது பதினாறாம் பக்கத்தின் கடைசி வரி, அவ்வளவுதான். தாள் தீர்ந்துபோயிற்று.

"தெரியலன்னா? அவன் கையில என்ன வச்சிருந்தான்? அவளை விட்டுட்டுப் போனவன் அவன்தானா? கரைக்குப் போனாங்களா இல்லையா?"

டிகிரி அவளைப் பார்த்தான். அவளை விட்டுப் போனவன் என்று அவனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. போர்வைக்குள் இருந்தது வெந்த கை என்றே வைத்துக்கொண்டிருந்தான். இப்போது யோசித்தால், அவள் ஏன் அப்படித் திட்டினாள் என்பதற்கு அது ஒன்றுதான் பொருந்தியது.

"இத்தனை வருஷமா இந்தப் பாதியை வச்சுக்கிட்டு சும்மாவா இருந்தீங்க?" என்றாள் சித்தி. உண்மையாகவே கோபம் வந்திருந்தது. "பத்தாவது ஃபாரம் எங்கயாவது இருக்கும்ல?"

இருக்கும். ஒன்பது என்று ஒன்று இருந்தால் பத்து இருக்கத்தான் வேண்டும். நீ என்று தொடங்கி வா என்று போகிற ஏதோ ஒரு பெயரில், ஏதோ ஒரு நூலகத்தின் அடித்தட்டில், அல்லது எடைக்குப் போன காகிதக் கட்டுக்குள். அக்கா புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது, முகவரியும் இருந்தது. அந்த அச்சகம் இப்போது இருக்கிறதா என்று யாரையாவது கேட்க வேண்டும். முதலாளியம்மாவின் அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம். அதற்கு முதலாளியம்மாவிடம் போய் நிற்க வேண்டும், அதுவும் இன்றைக்கு.

"நாளைக்குக் கேக்கறேன்" என்றான்.

"நாளைக்கு நீங்க மண்டபத்துக்குப் போகலையா? உங்க எழுத்தாளருக்கு?"

டிகிரி ஏழாம் கட்டைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். அடியில் எண்ணைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"அங்க போறதுக்கு ஊரே இருக்கு" என்றான். "மெஷினைப் போடச் சொல்லுங்க."